கலாசாலை உபாத்தியாயர்களும் போதிக்கும் தொழிலும்

(கலாசாலை ஆசிரியர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கலாசாலைகளில் பாடஞ் சொல்லிக்கொடுப்பவர்களே நிறைந்திருக்கும் இக்கூட்டத்தில், கலாசாலைக்குள் ஒருநாளும் மாணாக்கனாக உட்கார்ந்திராத என்னைப் பேச அழைத்திருப்பது சிலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். சிலருக்குக் கோபமாகவும் இருக்கலாம். தையற்காரன் தைத்துக் கொடுத்த சட்டை கோணலாயிருக்கிறதென்று சொல்ல, சொல்லுகிறவனுக்குத் தையல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சட்டையை மாட்டிக்கொள்ளுகிறவனாயிருந்தால் போதும். உங்களிடம் படித்து வெளியே வருகிற பிள்ளைகளோடு நாள்தோறும் பழகுகிறவன் என்கின்ற முறையிலும், கிடைத்த புத்தகங்களை ஒருவர் துணையுமில்லாமல் படித்து, எங்கே விளங்குகிறது, எங்கே விளங்கவில்லை என்று திண்டாடிப் பார்த்தவன் என்கின்ற முறையிலுமே நான் பேசுகிறேன். நான் சொல்லுவது சரியல்ல என்று தோன்றினால் தள்ளிவிடுங்கள். ஆனால் யோசித்துவிட்டுத் தள்ளுங்கள்.

முதலில் ஒரு சாதாரணக் கேள்வி கேட்கிறேன். சின்னக் குழந்தைக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் அதற்கு இரண்டு வருஷப் பயிற்சி வேண்டுமென்று சட்டம் இருக்கிறது. உயர்தரப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு பி.எட். வேண்டும், அதுவும் 2015 முதல் இரண்டு வருஷப் படிப்பாக ஆக்கப்பட்டுவிட்டது. லாரி ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ் வேண்டும். ஊசி போடுகிறவருக்குப் பயிற்சி வேண்டும். ஆனால், எம்.ஏ. வகுப்பில் 60 பேருக்கு முன்னால் நின்று அவர்களுடைய இரண்டு வருஷ வாழ்க்கையைக் கையில் வாங்கிக்கொள்ளுகிறவருக்கு, சொல்லிக்கொடுக்கும் வித்தையில் என்ன பயிற்சி இருந்தது? அவர் எம்.ஏ. படித்தார், பிறகு ஒரு சின்ன விஷயத்தில் நாலைந்து வருஷம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினார். மறுநாள் சாக்குக்கட்டியைக் கையில் கொடுத்து வகுப்புக்குள் அனுப்பிவிட்டார்கள். ஆராய்ச்சிக்காரரை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தவளையை அறுத்துப் பார்க்கிற திறமை வேறு, தவளையைப் பற்றி ஒரு பையனுடைய புத்தியில் ஏறும்படிச் செய்கிற திறமை வேறு என்பதில் யாருக்காவது சந்தேகமிருக்கிறதா?

“விஷயம் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தானாகவே வந்துவிடும்” என்பதுதான் இதற்கு அடிப்படையான நம்பிக்கை. நான் இதை ஒரு மூடநம்பிக்கை என்று சொல்லுவேன். எந்த நம்பிக்கை பரிசோதனைக்கு உட்படாமல், பெரியவர்கள் அப்படித்தான் செய்தார்கள் என்பதற்காகவே நிலைத்திருக்கிறதோ, அதற்கு வேறு பெயர் கிடையாது. இன்னும் சிலர், போதிப்பது என்பது பிறவியிலேயே வரவேண்டிய வரப்பிரசாதம் என்கிறார்கள். பிறவியில் வருவதாயிருந்தால் பி.எட். காலேஜ்களையெல்லாம் மூடிவிடலாமே! அதற்கு மட்டும் யாரும் சம்மதிக்கமாட்டார்கள்.

சர்க்கார் இதைப்பற்றி ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லுவது உண்மையாகாது. உத்தியோகத்துக்குத் தகுதி பார்ப்பதற்காக 1989 முதல் நெட் என்று ஒரு பரீட்சை நடக்கிறது. அதில் முதல் தாளில் போதிக்கும் திறமையைப் பற்றிச் சில கேள்விகள் உண்டு. நாலு விடையில் சரியான விடையைக் குறித்துக் காட்டினால் திறமை இருக்கிறது என்று அர்த்தம்! நீந்துவதைப் பற்றி நாலு விடையில் ஒன்றைக் குறித்தவனை ஆற்றில் தள்ளிப் பார்த்தால் என்ன ஆவானோ, அதுதான் இங்கேயும் ஆகிறது. ஒரு வித்தியாசம் என்னவென்றால், இங்கே முழுகுகிறவர் அவரல்ல, எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள்.

1986-ம் வருஷத்துக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, சர்வகலாசாலை மானியக் கமிஷனார் 1987 முதல் அகாடமிக் ஸ்டாப் காலேஜ் என்கின்ற பயிற்சி நிலையங்களை ஏற்படுத்தினார்கள். புதிதாய் வந்தவருக்கு நாலு வாரம், பிறகு அவரவர் பாடத்தில் புதுப்பிக்கும் பயிற்சி மூன்று வாரம் என்று வைத்தார்கள். 2015-ல் இவைகளுக்கு மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாற்றினார்கள். 2023-ல் மாளவியா பெயரால் மறுபடியும் பெயர் மாறியது. பெயர் மாறின அளவுக்குக் காரியம் மாறியதா என்பதை அங்கே போய்வந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் கேள்விப்பட்டது என்னவென்றால், பதவி உயர்வுக்கு அந்தச் சர்டிபிகேட் தேவையாயிருப்பதால் போகிறார்கள். காலை முதல் மாலை வரை ஒருவர் பின் ஒருவராகப் பிரசங்கம் செய்கிறார்கள். கேட்கிறவர்கள் கேட்கிறார்கள், தூங்குகிறவர்கள் தூங்குகிறார்கள். கடைசி நாளில் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளுகிறார்கள். பிரசங்கம் மட்டும் செய்தால் மாணாக்கனுக்குப் போதாது என்பதை விளக்கி மூன்று மணி நேரம் பிரசங்கம் செய்த ஒருவரைப் பற்றி ஒரு தோழர் என்னிடம் சொன்னார். இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா? எல்லா நிலையங்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் நல்ல வேலை நடந்து, அதனால் பயனடைந்தவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

இனி பாடத்திட்டத்துக்கு வருகிறேன். நம் தேசத்துச் சர்வகலாசாலைகள் எப்படிப் பிறந்தன என்பதைக் கொஞ்சம் கவனித்தால் இன்றைய கோளாறுக்குக் காரணம் தெரியும். 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று சர்வகலாசாலைகளும் லண்டன் சர்வகலாசாலையைப் பார்த்து ஏற்படுத்தப்பட்டன. அவைகள் சொல்லிக்கொடுப்பதற்காக ஏற்பட்டவைகள் அல்ல. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பதற்காக ஏற்பட்டவைகள். சொல்லிக்கொடுப்பது அங்கங்கே இருந்த காலேஜ்களின் வேலை. 1904-ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகுதான் சர்வகலாசாலையே பாடம் நடத்தலாம் என்கிற நிலை வந்தது. அதாவது, பிறக்கும்போதே நம் உயர்தரக் கல்வியில் பரீட்சை மூத்த பிள்ளை, பாடம் இளைய பிள்ளை. பாடத்திட்டம் என்பது இன்னின்ன தலைப்பில் கேள்வி வரும் என்கிற அட்டவணையாகத்தான் ஆரம்பித்தது. அந்த அட்டவணையை எங்கோ உட்கார்ந்து நாலு பேர் போடுவார்கள்; காலேஜ் உபாத்தியாயர் அதை ஒப்பிக்க வேண்டியவர். கேள்வி போடுகிறவர் வேறு, தாள் திருத்துகிறவர் வேறு. சமையல் செய்கிறவர் ஒருவர், பரிமாறுகிறவர் ஒருவர், பசியைப் பற்றி விசாரிக்கிறவர் எவருமில்லை என்பதுபோல!

1978 முதல் நம் மாகாணத்தில் சில காலேஜ்களுக்குத் தன்னாட்சி கொடுக்கப்பட்டது. தாங்களே பாடத்திட்டம் வகுக்கலாம், தாங்களே பரீட்சை நடத்தலாம். பிறகு அப்படிப்பட்ட காலேஜ்கள் பெருகியும் விட்டன. ஆனால் அவைகள் போடுகிற பாடத்திட்டங்களைப் பக்கத்துச் சர்வகலாசாலையின் பாடத்திட்டத்தோடு வைத்துப் பாருங்கள். அலகு ஐந்து. அங்கேயும் ஐந்து, இங்கேயும் ஐந்து. இயற்பியலானாலும் ஐந்து, இலக்கியமானாலும் ஐந்து, கணக்கியலானாலும் ஐந்து. உலகத்து அறிவெல்லாம் ஐந்து ஐந்தாகப் பிரிந்து கிடக்கிறதா என்று நான் கேட்கிறேன். அலகுக்கு இரண்டு கேள்வி, “இது அல்லது அது” என்று போட்டுவிட்டால் கேள்வித்தாள் அளவாக வந்துவிடும் என்பதைத் தவிர இந்த ஐந்துக்கு எனக்கு வேறு அர்த்தம் தெரியவில்லை. அறிந்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுகிறேன்.

அமெரிக்காவில் ரால்ப் டைலர் என்பவர் 1949-ல் பாடத்திட்டம் வகுப்பது பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அவர் கேட்டது நாலே கேள்விதான். இந்தப் படிப்பினால் மாணாக்கனிடம் என்ன மாறுதல் உண்டாக வேண்டும்? அந்த மாறுதல் உண்டாவதற்கு அவன் என்னென்ன செய்து பழகவேண்டும்? அவைகளை எந்த வரிசையில் வைப்பது? மாறுதல் உண்டாயிற்றா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இதில் ஏதாவது அதிசயமிருக்கிறதா? கிணறு வெட்டுகிறவன்கூட இந்த நாலையும் கேட்காமல் மண்வெட்டியைத் தூக்கமாட்டான். பிறகு வந்தவர்கள் இதையே இன்னும் நன்றாகத் திருப்பினார்கள். விக்கின்ஸ், மெக்டை என்கின்ற இரண்டு பேர் 1998-ல், முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள் என்றார்கள். அதாவது, கடைசியில் மாணாக்கன் என்ன செய்யக்கூடியவனாக இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய். அதை அவன் செய்கிறான் என்பதற்கு என்ன அத்தாட்சியை ஒப்புக்கொள்வாய் என்று இரண்டாவது முடிவு செய். பாடத்தைப் பற்றி அதற்குப் பிறகு யோசி. ஜான் பிக்ஸ் என்பவர் 1996-ல் சொன்னது, நோக்கமும் வகுப்பில் நடப்பதும் பரீட்சையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதாகும். நோக்கத்தில் “ஆராய்ந்து முடிவு செய்யும் திறன்” என்று எழுதிவிட்டுப் பரீட்சையில் “குறிப்பு வரைக” என்று கேட்டால், பிள்ளைகள் நோக்கத்தைப் படிக்கமாட்டார்கள், பழைய கேள்வித்தாளைப் படிப்பார்கள். அவர்கள் புத்திசாலிகள்.

இதை வெறும் வார்த்தையாகச் சொல்லாமல் ஒரு உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். நான் சிறு வயதில் ஒரு மண்டியில் கணக்கு எழுதியவன். ஆகையால் எனக்குத் தெரிந்த கணக்கியலையே எடுத்துக்கொள்ளுகிறேன். பி.காம். முதல் வருஷத்தில் முதல் அலகு எப்படி ஆரம்பிக்கிறது? கணக்கியல் என்றால் என்ன, அதன் இலக்கணம், அதன் நோக்கங்கள், அதன் நன்மைகள், அதன் குறைபாடுகள். பையன் இன்னும் ஒரு பேரேட்டைக் கண்ணால் பார்க்கவில்லை. அதற்குள் அதன் குறைபாடுகள் ஆறு என்று மனப்பாடம் செய்கிறான்! கல்யாணமே ஆகாதவனிடம் மாமியார் வீட்டுக் குறைகளைப் பட்டியல் போடச் சொல்லுவதுபோல இருக்கிறது.

இதையே பின்னோக்கி வகுத்தால் எப்படியிருக்கும்? முதல் வருஷ முடிவில், ஒரு மளிகைக் கடையின் மூன்று மாதச் சிட்டையைக் கையில் கொடுத்தால், பேரேடு பதிந்து ஐந்தொகை போட்டு, இந்தக் கடை லாபத்தில் நடக்கிறதா, கடனில் நடக்கிறதா, கடைக்காரர் தன் வீட்டுச் செலவைக் கடைச் செலவில் எழுதியிருக்கிறாரா என்று சொல்லக்கூடியவனாக இருக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நோக்கம். அத்தாட்சி என்ன? இதுவரை அவன் பார்த்திராத ஒரு சிட்டையைக் கொடுத்து, அவன் முடிவையும் காரணத்தையும் எழுதச் சொல்லுவது. அதற்கு வேண்டிய பழக்கம் என்ன? முதல் வாரத்திலேயே பத்து வரிச் சிட்டை ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவது. பதிவான், தப்பாகப் பதிவான். பற்று வரவு ஒத்துவராது. ஒத்துவராதபோதுதான் “ஏன்?” என்கின்ற கேள்வி அவனுக்கு வரும். அப்போது இரட்டைப் பதிவு விதியைச் சொன்னால் அவனுக்கு அது மருந்து. முதல் நாளே சொன்னால் அது மந்திரம். இலக்கணமும் வரலாறும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அவைகளுக்கு இடம் உண்டு. அந்த இடம் வாசற்படி அல்ல.

இப்படி வகுக்க உட்கார்ந்தால் உடனே ஒரு தொல்லை வரும். பாதித் தலைப்புகளை வெட்டவேண்டியிருக்கும். போர்டு ஆப் ஸ்டடீஸ் கூட்டத்தில் தலைப்பைச் சேர்ப்பதற்கு எல்லோரும் கை தூக்குவார்கள். வெட்டுவதற்கு ஒருவர் கையும் எழும்பாது. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பாதுகாவலர் இருக்கிறார். அந்தச் சண்டையைப் போடத் தைரியமில்லாத வரையில் பாடத்திட்டத்தைத் திருத்துகிறோம் என்பதெல்லாம் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலைதான்.

தோழர்களே! சொல்லிக்கொடுப்பதைப் பற்றிய நம் நம்பிக்கையைப் பரிசோதனை செய்து பார்த்த ஒருவரைப் பற்றி இப்போது சொல்லுகிறேன். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் எரிக் மசூர் என்று ஓர் இயற்பியல் பேராசிரியர். 1984 முதல் அங்கே பாடம் நடத்துகிறார். நல்ல பேச்சாளர், மாணாக்கர்கள் அவரை மெச்சி எழுதிக் கொடுத்தார்கள், கடினமான கணக்குகளை அவர் பிள்ளைகள் போட்டார்கள். தான் நன்றாகச் சொல்லிக்கொடுப்பதாக அவரும் நம்பினார். அரிசோனாவில் ஹலூன், ஹெஸ்டனஸ் என்பவர்கள் 1985-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டிருந்தார்கள். இயற்பியல் படித்து முடித்த மாணாக்கர்களும், பொருள்கள் ஏன் அசைகின்றன என்பது பற்றிப் படிப்பதற்கு முன்னால் என்ன நினைத்திருந்தார்களோ பெரும்பாலும் அதையே நினைக்கிறார்கள் என்பது அதன் முடிவு. “என் பிள்ளைகள் அப்படியல்ல” என்று மசூருக்கு எண்ணம். இருந்தாலும் சோதித்துப் பார்த்தார். கனமான லாரி ஒன்றும் சின்ன மோட்டார் ஒன்றும் மோதிக்கொண்டால் எதன்மேல் எது அதிக விசையைச் செலுத்துகிறது என்பது போன்ற, கணக்கே இல்லாத, சாதாரணக் கேள்விகள்தான். இரண்டும் சமம் என்று நியூட்டன் சொல்லியிருக்கிறார். அந்த விதியை அவர்கள் எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஆனால் ஒரு மாணவி அவரிடம், இதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதவேண்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவேண்டுமா என்று கேட்டாளாம்!

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பரீட்சைக்கு ஒரு அறிவு, வீட்டுக்கு ஒரு அறிவு. கிரகணம் என்பது நிழல் என்று தாளில் எழுதி முதல் வகுப்பு வாங்கிவிட்டு, கிரகணம் விட்டதும் தீட்டுக் கழியக் குளிக்கப் போகிற பட்டதாரி நம் ஊரில் எத்தனை பேர்! அதை நாம் அந்தப் பட்டதாரியின் குற்றமாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். சொல்லிக்கொடுத்த முறையில் குற்றமிருக்கலாம் என்று நினைப்பதில்லை.

மசூர் என்ன செய்தார்? 1991 முதல் தன் முறையை மாற்றினார். கொஞ்ச நேரம் விளக்கம். பிறகு ஒரு கேள்வி, நாலு விடை. ஒவ்வொருவனும் தானாக யோசித்து ஒரு விடைக்கு ஓட்டுப் போடவேண்டும். 100-க்கு 30-க்குக் குறைவானவர்களே சரியாகச் சொல்லியிருந்தால் மறுபடி விளக்குவது. 70-க்கு மேற்பட்டவர்கள் சரியாகச் சொல்லியிருந்தால் மேலே போவது. நடுவிலே இருந்தால், பக்கத்திலிருப்பவனோடு வாதாடி, அவனை உன் கட்சிக்குத் திருப்பு என்று விட்டுவிடுவது. இரண்டு நிமிஷம் வகுப்பு சந்தையாக இருக்கும். பிறகு மறுபடி ஓட்டு. சரியான விடைக்கு ஓட்டு கூடும். ஏனென்றால், நேற்றுத்தான் விளங்கிக்கொண்டவனுக்கு, எங்கே கால் இடறும் என்பது ஞாபகமிருக்கும். இருபது வருஷத்துக்கு முன் விளங்கிக்கொண்ட பேராசிரியருக்கு அது மறந்துபோயிருக்கும். இதற்கு மெஷின் ஒன்றும் வேண்டாம். நாலு நிறத்தில் அட்டை போதும். அட்டையும் இல்லாவிட்டால் விரலை மார்புக்கு நேரே வைத்துக் காட்டச் சொன்னால் போதும்.

இது ஒருவருடைய அனுபவந்தானே என்று கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். 1998-ல் ஹேக் என்பவர் 62 வகுப்புகளில் படித்த 6,542 மாணாக்கர்களின் கணக்கைச் சேர்த்தார். ஆரம்பத்தில் தெரியாமலிருந்ததில் எவ்வளவு பங்கு கடைசியில் தெரிந்தது என்பது கணக்கு. பழைய பிரசங்க முறையில் 100-க்கு 23 பங்கு. மாணாக்கர் வேலை செய்கிற முறையில் 48 பங்கு. 2014-ல் ஸ்காட் பிரீமனும் அவர் கூட்டாளிகளும் விஞ்ஞானம், என்ஜினீயரிங், கணிதம் ஆகியவைகளில் நடந்த 225 ஆராய்ச்சிகளைத் திரட்டினார்கள். வெறும் பிரசங்க வகுப்பில் தவறிப்போனவர்கள் 100-க்குச் சுமார் 34 பேர். மற்ற வகுப்பில் சுமார் 22 பேர். இவைகளில் பெரும்பகுதி அமெரிக்கக் கணக்குகள். நம் ஊரிலும் இதே எண்தான் வருமென்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வராது என்று சொல்லுகிறவரும் ஒரு செமஸ்டராவது செய்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அந்த வித்தியாசம் 100-க்கு 12 பேர். ஆயிரம் பேர் படிக்கிற இடத்தில் 120 பேர். இவர்கள் யார்? இங்கேதான் எனக்கு உண்மையில் வயிறு எரிகிறது. அப்பன் வழக்கறிஞராயிருக்கிற பையன், யார் எப்படிச் சொல்லிக்கொடுத்தாலும், அல்லது சொல்லிக்கொடுக்காவிட்டாலுங்கூட, எப்படியோ தேறிவிடுவான். வீட்டில் கேட்க ஆளுண்டு, டியூஷனுக்குப் பணமுண்டு, இங்கிலீஷ் காதில் விழுந்து பழகியிருக்கும். அரியர் விழுகிறவன், அவன் குடும்பத்தில் முதல் தடவையாகக் காலேஜ் வாசலை மிதித்தவன். பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்துவிட்டு வந்து, முதல் நாளே இங்கிலீஷில் சரமாரியாகப் பொழிகிற பிரசங்கத்துக்கு முன்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவன். எங்கள் தெருவில் தறிநெசவு செய்கிற ஒருவருடைய மகள், பள்ளிக்கூடத்தில் கணக்கில் நல்ல மார்க்கு வாங்கினவள், ஒரு காலேஜில் சேர்ந்து முதல் வருஷத்தில் மூன்று அரியர் வைத்துவிட்டு நின்றுவிட்டாள். “அது தலையெழுத்து” என்று அப்பன் சொன்னார். “மண்டையில் ஏறவில்லை” என்று அவள் உபாத்தியாயர் சொன்னாராம். இரண்டும் ஒன்றுதான். ஒன்று பழைய பாஷை, ஒன்று படித்தவர் பாஷை. ஏறவில்லை என்றால், ஏற்றுகிற விதத்தை ஒரு தரமாவது மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்க அந்தப் பெண்ணுக்கு யாருமில்லை.

2020-ல் தியோபால்டு என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆராய்ச்சி இந்த விஷயத்தையே பார்த்தது. மாணாக்கரை வேலை செய்யவைக்கிற முறையில், பின்தங்கிய பகுதியிலிருந்து வந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள தேர்ச்சி வித்தியாசம் சராசரி 100-க்கு 45 பங்கு குறைந்ததாம். ஆனால் இதில் ஒரு நிபந்தனையும் உண்டு. வகுப்பு நேரத்தில் பெரும்பகுதியை அப்படிச் செலவழித்த இடங்களில்தான் வித்தியாசம் குறைந்தது. பேருக்கு ஐந்து நிமிஷம் செய்தவர்களுக்குப் பலனில்லை.

பயிற்சி முகாம்களில் நுழைந்துவிட்ட சில சாமியார்த்தனங்களையும் சொல்லாமல் விட முடியாது. மாணாக்கர்களில் பார்த்துக் கற்கிறவன், கேட்டுக் கற்கிறவன், அசைந்து கற்கிறவன் என்று ஜாதி ஜாதியாக உண்டென்றும், அவனவனுக்கு ஏற்றபடி போதிக்க வேண்டுமென்றும் ஒரு படம் போட்டுக் காட்டுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் விருப்பம் வேறுபடலாம். ஆனால் அந்தப் பிரிவுக்குத் தக்கபடி போதித்தால் அதிகம் கற்கிறார்கள் என்பதற்குத் தகுந்த ருஜு கிடையாது என்று 2008-ல் பாஷ்லர் முதலிய நாலு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் தேடிப்பார்த்து எழுதிவிட்டார்கள். இதற்கும் ராசி பார்த்துப் பெண் கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம்? இன்னொரு படம்: படித்தால் 10 பங்கு ஞாபகமிருக்கும், கேட்டால் 20 பங்கு, பார்த்தால் 30 பங்கு என்று ஏறிக்கொண்டே போகிற கோபுரம். எட்கர் டேல் என்பவர் 1946-ல் போட்ட கூம்புப் படத்தின் பேரில் இதை ஏற்றிச் சொல்லுகிறார்கள். அவர் போட்ட படத்தில் எண்ணே கிடையாது. எண்களை யாரோ பிறகு எழுதிச் சேர்த்தார்கள். உண்மையான பரிசோதனையில் எண்கள் இவ்வளவு அழகாகப் பத்துப் பத்தாக வருமா என்று ஒருவராவது கேட்டிருந்தால் இந்தப் படம் இவ்வளவு தூரம் வந்திருக்காது. விஞ்ஞானம் படித்தவர்களே கேட்காமல் எழுதிக்கொண்டார்கள்!

இன்னொன்று, விளைவுக் கல்வி. 2014-ல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர அங்கத்தினராகச் சேர்ந்ததையொட்டி என்ஜினீயரிங் காலேஜ்களில் இது வலுத்தது. பிறகு மற்ற காலேஜ்களுக்கும் பரவியது. யோசனை நல்ல யோசனை. டைலருடைய முதல் கேள்வியேதான். ஆனால் நடப்பது என்ன? கோர்ஸ் அவுட்கம் ஒரு பக்கம், புரோகிராம் அவுட்கம் ஒரு பக்கம், இரண்டையும் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் 1, 2, 3 என்று எண் நிரப்புகிறார்கள். போன வருஷத்துக் கட்டத்தைப் பார்த்து இந்த வருஷம், பக்கத்து டிபார்ட்மெண்டைப் பார்த்து இந்த டிபார்ட்மெண்ட். கமிட்டி வருகிற முன்னிரவில் விழித்திருந்து நிரப்புகிறார்கள். அந்த எண்ணினால் எந்த மாணாக்கனுக்காவது எந்தப் பாடமாவது மாறியதா? 1956-ல் புளூம் என்பவர் தலைமையில் பரீட்சகர்கள் கூடி, கேள்விகளை வகைப்படுத்திக்கொள்ளுவதற்காகச் செய்த ஆறு படிகள், நம்மிடம் வந்து தினசரி பாராயணம் செய்யும் மந்திரமாகிவிட்டது. “ஆராய்க” என்கிற வினைச்சொல்லைக் கேள்வியில் போட்டுவிட்டால் அது ஆராய்ச்சிக் கேள்வியாகிவிடுமா? விடை நோட்ஸில் அச்சடித்துக் கிடந்தால், அதை “ஆராய்க” என்றாலும் ஒப்பிப்பான், “படைக்க” என்றாலும் ஒப்பிப்பான்.

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா? வேண்டும், கைத்தொழிலுக்குப் பழக்குகிறதுபோல வேண்டும். 1963 வாக்கில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் நுண்போதனை என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஐந்து பத்து நிமிஷம், நாலைந்து பேருக்கு, ஒரே ஒரு திறமையை மட்டும், அதாவது கேள்வி கேட்பதையோ, உதாரணம் சொல்லுவதையோ பழகுவது. அதைப் படம் பிடித்துப் பார்ப்பது. குறையைக் கேட்டுக்கொண்டு மறுபடி நடத்துவது. நம் பி.எட். காலேஜ்களில் இது நடக்கிறது. பேராசிரியர்களுக்கு மட்டும் ஏன் கௌரவக் குறைச்சல்? ஒரு கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி பொறுக்கிறீர்கள் என்று உங்கள் வகுப்பை நீங்களே செல்போனில் பதிவு செய்து எண்ணிப் பாருங்கள். அநேகமாக மூச்சு விடுவதற்குள் நீங்களே பதிலும் சொல்லியிருப்பீர்கள். 2004-ல் கிப்ஸ், காபி என்கின்ற இருவர் 8 தேசங்களில் 22 சர்வகலாசாலைகளில் விசாரித்தார்கள். மாதக்கணக்கில் நீடித்த பயிற்சி பெற்ற உபாத்தியாயர்கள் மாணாக்கர் பக்கம் கவனம் திருப்பினார்கள். பயிற்சியில்லாதவர்கள் இருந்தபடியே இருந்தார்கள், சிலர் பின்னுக்கே போனார்கள். ஆகவே காலம் போனால் அனுபவம் வந்து சரியாகிவிடும் என்பதையும் நம்புவதற்கில்லை. தப்பான பாதையில் முப்பது வருஷம் நடந்தால் முப்பது வருஷத் தூரம் தப்பாகப் போயிருப்போம்.

மாணாக்கர் மெச்சுவதையும் அத்தாட்சியாகக் கொள்ளாதீர்கள். 2019-ல் அதே ஹார்வர்டில் ஒரே பாடத்தை இரண்டு விதமாக நடத்திப் பார்த்தார்கள். தாங்களே யோசித்து வேலை செய்த மாணாக்கர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். அழகான பிரசங்கம் கேட்டவர்கள் குறைவாகக் கற்று, நிறையக் கற்றதாக நினைத்தார்கள். மேடையில் பேசிப் பிழைக்கிற என்னைப் போன்றவனுக்கு இது பிடிக்காத செய்திதான். பிடிக்கவில்லை என்பதற்காக மறைக்க முடியுமா?

ஒரு தோழர் சீட்டு கொடுத்திருக்கிறார். “பிரசங்கத்தைக் கண்டிக்கும் நீங்கள் பிரசங்கம் செய்வானேன்?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. விஷயத்தை எடுத்துச் சொல்ல மற்ற முறைகளைப் போலப் பிரசங்கமும் உதவும். ஆனால் சிந்தனையை வளர்க்கவும் எண்ணத்தை மாற்றவும் அது போதாது என்று டொனால்டு பிளை என்பவர் இங்கிலாந்தில் வெகு நாளைக்கு முன்பே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். நான் இன்று செய்தது விஷயத்தை எடுத்துச் சொன்னதுதான். மாற்றம் வேண்டுமானால் நீங்கள் செய்து பார்க்கவேண்டும்.

இன்னொரு சீட்டு: “எங்கள் வகுப்பில் 70 பேர், செமஸ்டர் 90 நாள், போர்ஷன் முடியவில்லை என்றால் பிரின்சிபால் கேட்கிறார், இன்டர்னல் மார்க், அட்டெண்டென்ஸ், அட்மிஷன் வேலை, எல்லாம் எங்கள் தலையில், கௌரவ விரிவுரையாளர்களுக்கு அடுத்த வருஷம் வேலையே நிச்சயமில்லை. இதில் எங்கே புது முறை?” என்று எழுதியிருக்கிறார். தோழர் எழுதியிருப்பது முழுவதும் உண்மை. நிரந்தரமில்லாத உத்தியோகத்தில் வைத்துக்கொண்டு, தொழிலில் அக்கறை காட்டு என்று சொல்ல எந்த நிர்வாகத்துக்கும் யோக்கியதை கிடையாது. அதற்குச் சங்கம் வேண்டும், போராட்டம் வேண்டும். அதைப்பற்றி வேறொரு நாள் பேசவேண்டும். போர்ஷன் விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்லுகிறேன். போர்ஷன் முடிந்தது என்றால், யார் முடித்தது? நீங்கள் பேசி முடித்தீர்கள். பையன் எங்கே நிற்கிறான் என்பதை ஒரு தரம் பாருங்கள். அடுத்த வகுப்பின் கடைசியில் கால்தாள் காகிதம் கொடுத்து, பெயர் எழுதாமல், இன்று எது விளங்கவில்லை என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். தமிழில் எழுதலாம் என்று சொல்லிவிடுங்கள். எழுபது காகிதத்தைப் படிக்கக் கால்மணி நேரம் பிடிக்கும். பதினைந்து பேர் ஒரே இடத்தில் நின்றிருந்தால், மறுநாள் அந்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டு சக உபாத்தியாயர்கள் சேர்ந்துகொண்டு, மாதத்துக்கு ஒரு தரம் ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்வரிசையில் உட்காரலாம். அவர் கவனிக்க வேண்டியது உங்களையல்ல, பிள்ளைகளை. எந்த நிமிஷத்தில் பேனா நின்றது என்று குறித்துக்கொடுத்தால் போதும். இதற்குக் கமிஷன் உத்தரவோ சர்டிபிகேட்டோ தேவையில்லை.

போர்டு ஆப் ஸ்டடீஸில் அங்கத்தினர்களாயிருப்பவர்கள் இங்கே மூன்று பேர் இருப்பதாகத் தலைவர் சொன்னார். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது பாடத்திட்டத்தோடுகூட, போன செமஸ்டரில் தவறிய பத்துப் பிள்ளைகளின் விடைத்தாள்களையும் எடுத்துப்போய் மேசைமேல் வைக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். தலைப்புகளைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் அவைகளைப் படியுங்கள்.